டிரஸ்தானே, என்ன இப்போ?

போர் விளையாட்டு விளையாடுவது தப்பா சரியா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகப் போவதில்லை. சின்ன வயதில் தீபாவளித் துப்பாக்கியும் ரோல் கேப்பும் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடியவர்கள்தான் நாம் எல்லோரும். எங்கள் ஊர் பெயரிலேயே களம் இருக்கிறது. அது போர்க்களமா நெற்களமா என்பதை ஊர்ப்பெயர் ஆராய்ச்சி செய்பவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் பெருங்களத்தூரில் போர்க்களம் பார்க்க ஆசைப்படுபவர்கள் பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து நின்றால் போதும்!

சரி, மேட்டருக்கு வருவோம். எங்கள் வகுப்பிலும் அடுத்த வகுப்பிலுமாகச் சேர்ந்து இருபத்திரண்டு பேர் ஒரு நாள் முழுக்க ஒரு 'வரலாற்றுப் போர்' ஆடுவதாகத் திட்டம். வெளிநாடுகளில் இதை ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டாக ஆடுகிறார்கள். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கி. ஜப்பானில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால் அங்கே பிறந்த விளையாட்டு இது. அதில் ஒரு கூட்டம் இரண்டாம் உலகப்போர், வியட்நாம் என்று ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்துச் சட்டை, பெல்ட், தண்ணீர்க் குடுவை, பூட்ஸ் என்று தேடித்தேடிச் சேர்த்து ஆடுகிறது. பொத்தான் தப்பாக இருந்தால்கூட ஆட்டத்தில் சேர்க்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களும் அதில் உண்டு.

நம் ஊரில் அந்தத் துப்பாக்கிக்கு வழியில்லை. ஆகவே பெயின்ட்பால். ஈ.சி.ஆர். பக்கம் வாடகைக்குத் துப்பாக்கியும் முகமூடியும் கொடுக்கிறார்கள். டிரஸ் நம் பொறுப்பு. எந்தப் போர் என்று கேட்டவுடன் இருபத்திரண்டு பேரில் பதினெட்டு பேர் சொன்ன பதில்: நார்மண்டி! ஏனென்றால் அதைத்தான் கம்ப்யூட்டர் கேமில் ஆடியிருக்கிறோம். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் பிறந்து வளர்ந்த பையன்கள் அமெரிக்கப் பாராசூட் படையாக மாறி மகாபலிபுரம் போகும் வழியில் ஜெர்மனியோடு சண்டை போடப் போகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹும்.

இரண்டாம் உலகப்போர்தான் வேண்டுமென்றால் அதிலேயே நம் ஆட்கள் இல்லையா? 1944-ல் கோஹிமாவிலும் இம்பாலிலும் ஜப்பானியரைத் தடுத்து நின்ற படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். எதிர்ப்பக்கத்தில் நேதாஜியின் படை. அதில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர்! 1943-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைவியாக இருந்த கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்தவர். அவர்கள் போட்ட காக்கியில் ஒரு பகுதி, சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் கிடங்கில் கிடைத்தது. எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரியை நோக்கி நடந்த படை. இதைவிட நல்ல கதை நார்மண்டியில் இருக்கிறதா என்ன?

ஆனால் நான் சொன்னது அதுவும் இல்லை. நான் சொன்னது வேலூர், 1806.

காரணம் சொல்கிறேன். எல்லாப் போரிலும் உடை உண்டு. உடையே காரணமான போர் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கால விவரம் பிசகாமல் உடை தைத்து ஆடுவதுதான் நோக்கம் என்றால், உடைக்காகவே உயிர் போன இடத்தை விட்டுவிட்டு வேறெங்கே போவது?

நாலு மார்க் கேள்வியாகப் படித்து மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். கவர்னர் வில்லியம் பென்டிங்க். சிப்பாய்களை ஐரோப்பிய ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டுமென்று புதிய விதிமுறை போட்டார்கள். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் விபூதி, நாமம், எந்தச் சின்னமும் கூடாது. கடுக்கன் கூடாது. தாடை மழிக்கப்பட்டிருக்க வேண்டும். மீசைகூட எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம்! அதற்கு மேல் புதிதாக ஒரு தலைப்பாகை. பார்த்தால் தொப்பி மாதிரி. அதில் தோலில் செய்த ஒரு சின்னம் வேறு. அந்தக் காலத்தில் தொப்பி போட்டவன் என்றால் பறங்கி என்று அர்த்தம். தோல் என்றால் எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்வி. மாடா, பன்றியா? இரண்டில் எதுவாக இருந்தாலும் படையில் ஒரு பாதிக்கு ஆகாது.

1806 மே மாதம் வேலூரில் இருந்த சிப்பாய்கள் இதைப் போட மாட்டோம் என்றார்கள். 21 பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து வேலையைவிட்டுத் துரத்தினார்கள். மீதிப் பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்தார்கள். அதன்பிறகு ஜூலை 10 விடிவதற்கு முன்னால் கோட்டையே கிளர்ந்து எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 69வது ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட்டும் செத்தார். கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தை முன்வைத்து மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, அன்றைக்கே எல்லாம் முடிந்துபோனது. சிப்பாய்கள் பக்கம் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

தலைப்பாகை மட்டும்தான் காரணமா, திப்புவின் பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு, சம்பளக் குறைச்சல் எவ்வளவு தூரம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். ஆனால் நடந்தது முடிந்த பிறகு கம்பெனி செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்த உடை உத்தரவைத் திரும்பப் பெற்றது. பென்டிங்கையும் கிரடாக்கையும் 1807-ல் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இப்போது உடைக்கு வருவோம். எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, மனதிலிருக்கும் காக்கியைக் கழற்றுவது. நம் பள்ளிக்கூட நாடகங்களில் ஜாக்சன் துரையின் சிப்பாய் போலீஸ் காக்கியில் வருவான். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்தவர்களும் காக்கி, 1806-லும் காக்கி, 1942-லும் காக்கி. காக்கி என்ற உடையே 1846-ல் பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டென் என்பவர் உண்டாக்கிய கைட்ஸ் படையில்தான் தொடங்கியது. அது எல்லாப் படைக்கும் பரவ இன்னும் முப்பது நாற்பது வருஷம் பிடித்தது. கட்டபொம்மன் தூக்கில் தொங்கி கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆன பிறகு பிறந்த துணியை அவர் முன்னால் நிற்கிறவனுக்கு மாட்டிவிடுகிறோம். இதை ஒரு வாத்தியாரிடம் சொன்னபோது "ஆடியன்ஸுக்குப் போலீஸ்னு புரியணும்ல" என்றார். அதுவும் ஒரு நியாயம்தான்.

1806-ன் சென்னைச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு. காலரும் கைமுனையும் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறு நிறம். மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளை வார்கள். ஒன்றில் தோட்டாப் பை, இன்னொன்றில் பயனெட். கீழே? இங்கேதான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். பேன்ட் கிடையாது! தொடையோடு நின்றுவிடும் வெள்ளை அரைக்கால் சட்டை, அதன் ஓரத்தில் நீல நிறத்தில் ரம்பப்பல் மாதிரி ஒரு கரை. முழங்காலுக்குக் கீழே வெறும் கால், செருப்பு. 1800-களின் தொடக்கத்தில் வரைந்த ஓவியங்களில் இப்படித்தான் இருக்கிறார்கள். போட்டோ என்பதே 1839-க்கு மேல்தான் என்பதால் ஓவியங்களை விட்டால் வேறு கதியில்லை. இதைச் சொன்னவுடன் எங்கள் குழுவில் மூன்று பேர் வெள்ளைக்காரப் படைக்கு மாற்றிவிடச் சொல்லிவிட்டார்கள் :-)

இன்னொரு விஷயம். எதிர்ப்பக்கம் 69வது ரெஜிமென்டுக்கும் சிவப்புக் கோட்டுதான். அவர்களுக்குக் காலரும் கைமுனையும் பச்சை. அதாவது இரண்டு பக்கமும் சிவப்பு! வீடியோ கேமில் ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் சாம்பல் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய குழப்பம். யார் யாரைச் சுடுவது என்று தலையையும் காலையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு இது இடைஞ்சல் என்றார்கள் நண்பர்கள். எனக்கோ இந்த ஆட்டத்தின் உயிரே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரே எஜமானனின் சம்பளம், ஒரே நிறக் கோட்டு. வித்தியாசம் தலையிலும் காலிலும் மட்டும். அந்தத் தலையின் மேல்தான் கை வைத்தார்கள்.

கோட்டுத் துணி நிஜத்தில் கம்பளி. இங்கிலாந்தில் நெய்து கப்பலில் வந்தது. வேலூர் வெயிலில்! அதற்கான பணமும் சிப்பாயின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. தன் காசில் தனக்கு அடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி. நாங்கள் கம்பளி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கோடவுன் தெருவில் தடித்த சிவப்புப் பருத்தித் துணி மொத்த விலைக்குக் கிடைக்கிறது. தையலுக்கு எங்கள் தெரு டெய்லர் அண்ணன். பேண்டு வாத்தியக் கோஷ்டிக்குக் கோட்டு தைத்தவர் என்பதால் படத்தைக் காட்டியதும் "ஓ, கல்யாண பேண்டா?" என்று கேட்டுவிட்டு உடனே அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சிவப்புக் கோட்டுக்கு நம் ஊரில் இன்று மிச்சமிருக்கும் வாரிசு கல்யாண பேண்டுக்காரர்தானே?

வாருக்குத் தோல் வேண்டாம், வெள்ளைக் கான்வாஸ் நாடா போதும். தோட்டாப் பைக்குக் கறுப்பு ரெக்ஸின். தலைப்பாகையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

துப்பாக்கிக்கு வருவோம். அன்றைக்கு இரண்டு பக்கமும் பிடித்திருந்தது பிரவுன் பெஸ் என்று செல்லப் பெயர் கொண்ட மஸ்கட். அதிலும் கம்பெனி இந்தியாவுக்கென்று செய்துகொண்ட 'இந்தியா பேட்டர்ன்' என்ற வகை. குழல் 39 அங்குலம். மொத்தமாக நிறுத்தினால் நாலரை அடிக்குக் கிட்ட. எடை நாலு கிலோவுக்கு மேல். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் மருந்தை வெளிக்கிண்ணத்தில் போட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, பிறகுதான் சுட வேண்டும். தேர்ந்த சிப்பாய்க்கே நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான். குழலின் உட்புறம் வழவழப்பு, புரி கிடையாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைத்து அடித்தால் அது அதிர்ஷ்டம்.

இதில் எனக்குப் பிடித்த தற்செயல் ஒன்று உண்டு. அந்த மஸ்கட்டின் ஈயக் குண்டு கிட்டத்தட்ட 0.69 அங்குலம். பெயின்ட்பால் குண்டு 0.68 அங்குலம். பெயின்ட்பால் துப்பாக்கியின் குழலும் பொதுவாக வழவழப்பானதுதான். ஆகவே நண்பர்களே, உங்கள் நார்மண்டிக்கு இந்தத் துப்பாக்கி கொஞ்சமும் பொருந்தாது, வேலூருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது! ஒரு தடவைக்கு ஒரே குண்டு. சுட்ட பிறகு சத்தமாக இருபது எண்ணி முடிக்கும்வரை அடுத்ததைப் போடக் கூடாது. இதுதான் நான் வைத்த விதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் டென்னிஸ் பந்தை எறிந்து ஒத்திகை பார்த்தோம். இருபது எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எதிரி ஓடி வருகிறான், நீங்கள் "பதினொண்ணு, பன்னெண்டு" என்று எண்ணிக்கொண்டு நிற்கிறீர்கள். தனியாக நிற்பவன் செத்தான். நாலு பேர் சேர்ந்து மாற்றி மாற்றிச் சுட்டால்தான் பிழைக்க முடியும். அந்தக் காலத்துப் படைகள் ஏன் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று செத்தன என்று பாடப்புத்தகம் ஒருநாளும் சொல்லவில்லை, இருபது வரை எண்ணியது சொல்லிவிட்டது.

சிவப்பு பெயின்ட் குண்டு வேண்டாம் என்று மட்டும் கடையில் சொல்லிவைத்திருக்கிறோம். சிவப்புக் கோட்டில் பட்டால் தெரியவே தெரியாது, "எனக்குப் படலடா" என்று சத்தியம் செய்வார்கள். மஞ்சள்தான் சரி.

முகமூடி, கண்ணாடி 1806-ல் இல்லையே என்று ஒருவன் கேட்டான். கண்ணும் ஒரு ஜோடிதான் இருக்கிறது என்று பதில் சொல்லியாகிவிட்டது. அதேபோல மர மஸ்கட் செய்து மின்சார ரயிலில் எடுத்துக்கொண்டு போவதெல்லாம் வேண்டவே வேண்டாம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், நடுவில் நீங்கள் சாக்கில் சுற்றிய நாலரை அடித் துப்பாக்கியோடு! நடைமேடையில் யாராவது அலறினால் அதன்பிறகு 1806 என்று விளக்கம் சொல்லி முடியாது. இன்றைய ராணுவ உடையும் கூடாது. சிப்பாய் என்று மற்றவரை நம்பவைக்கும் எண்ணத்தோடு சிப்பாயின் உடையைப் போடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168வது பிரிவு. நாம் விளையாட்டுக்குத்தான் போடுகிறோம் என்றாலும் வழியில் பார்ப்பவருக்கு அது தெரியாது. 2022-ல் ராணுவம் தன் புதிய போர் உடையின் வடிவத்தையே தன் பெயரில் பதிவு செய்துகொண்டிருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய சிவப்புக் கோட்டில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. அதிகபட்சம் யாராவது "முகூர்த்தம் எங்கே தம்பி?" என்று கேட்பார்கள்.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய துப்பாக்கிகள், வாள்கள், சீருடைகள், பதக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள். வேலூருக்கும் ஒருமுறை போய்வர வேண்டும், தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம்தான். ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, அகழியில் செல்ஃபி எடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். மக்கான் சந்திப்பில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. ஜூலை 10 ஒவ்வொரு வருஷமும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். இருநூறாவது ஆண்டான 2006-ல் தபால் தலையும் வந்தது.

இதனால்தான் ஜூலை 10 அன்று ஆட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். "அன்னிக்கு ஆடினா சூப்பரா இருக்கும்டா, சரியா அதே தேதி!" என்றார்கள். அங்கே பூ வைக்கும் நாளில் இங்கே மஞ்சள் பெயின்டை அடித்துக்கொண்டு சிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது.

தேதியைவிடப் பெரிய கேள்வி, எதை ஆடுவது, எதை ஆடாமல் விடுவது. விடியற்காலையில் கட்டிலில் தூங்கியவர்களைச் சுட்டதை ஆட முடியாது. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளைக் கொன்றதை ஆட முடியாது. பிற்பகுதியில், அரண்மனைக்குள் பிடிபட்ட நூறு சிப்பாய்களுக்கு மேல் வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கில்லெஸ்பியோடு வந்த ஒரு அதிகாரியே இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதையும் ஆட முடியாது. முதலிரண்டைச் செய்தவர்கள் 'நம்ம ஆட்கள்', மூன்றாவதைச் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதற்காக ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டவும் எனக்கு மனசு வரவில்லை. மீதம் இருப்பது கோட்டை மதில்மேல் நடந்த சண்டை. குண்டு தீர்ந்துபோய் மதிலில் ஒட்டிக்கொண்டிருந்த 69வது படையின் மிச்ச ஆட்களோடு சேர, கில்லெஸ்பியைக் கயிற்றில் மேலே இழுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வாசற்கதவைப் பீரங்கியால் உடைத்துக் குதிரைப்படை உள்ளே வருகிறது. இந்த மதில், வாசல், இருபது எண்ணிக்கை, இவ்வளவு போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. குதிரைக்கு என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. சைக்கிள் என்று ஒருவன் சொன்னான். பார்க்கலாம்.

இனி தலைப்பாகை. இதை எழுத ஆரம்பித்ததே இதற்காகத்தான்.

எங்கள் குழுவில் உடைப் பொறுப்பு ஒரு சீனியரிடம். நல்லவர், கடும் உழைப்பாளி. இந்த விளையாட்டுக்காக அவர் அளவுக்கு ஓடியவர் யாரும் இல்லை. புதுத் தலைப்பாகையை அட்டையும் துணியும் வைத்து ஒரு மாதிரி செய்துகொண்டு வந்தார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அதில் தோல் சின்னம் வைக்கும்போது ரெக்ஸின் கூடாது, நிஜத் தோல்தான் வேண்டும், அதுதான் கால விவரத்துக்குச் சரி என்றார். குரோம்பேட்டைப் பக்கம் தோலுக்குப் பஞ்சமா? வாங்கியும் வந்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. சிப்பாய் வேஷம் போடுகிறவர்கள் எல்லோரும் அன்றைய விதிப்படி தாடி எடுத்துவிட வேண்டும், மீசை ஒரே மாதிரி ஒதுக்க வேண்டும், கடுக்கன், கயிறு, விபூதி எதுவும் கூடாது என்று பட்டியலே போட்டுவிட்டார்.

எங்களில் தாடி வைத்தவன் ஒருவன் இருக்கிறான். ஸ்டைலுக்காக வைத்தது இல்லை. அவன் அமைதியாக, "நான் வரலைடா, நீங்க ஆடுங்க" என்றான். இன்னொருவன், மாலை போட்டிருப்பதால் தோல் தலையில் வைக்க முடியாது என்றான். அதற்கு எங்கள் குழுவில் எழுந்த பதில் என்ன தெரியுமா? "டிரஸ்தானே, என்ன இப்போ? ஒரு நாள்தானே!"

படித்துப் பாருங்கள். 1806-ல் கிரடாக் நினைத்தது இதே வாக்கியம்தான். டிரஸ்தானே. ஒரு தலைப்பாகைதானே. பார்க்க ஒழுங்காக இருக்கும், எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள், இதில் என்ன வந்துவிடப் போகிறது? அவரும் கெட்ட எண்ணத்தில் செய்தவர் போலத் தெரியவில்லை. அணிவகுப்பு அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அந்த அழகுக்கு யார் எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள்.

அந்த உத்தரவை எதிர்த்தவர்களைப் பற்றி ஆடப்போகும் ஆட்டத்தில், அதே உத்தரவை நாமே ஒருவனுக்குப் போடுகிறோம். இது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று எங்கள் குழுவில் யாருக்கும் முதல் பத்து நிமிஷம் உறைக்கவில்லை.

கால விவரம் என்ற வாதத்திலேயே நின்று பேசலாம். விதிமுறையில் என்ன எழுதியிருந்தது என்பது ஒன்று, மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்பது வேறொன்று. விதிப்படியே எல்லோரும் மழித்துக்கொண்டு, கடுக்கனைக் கழற்றிவிட்டு, தலைப்பாகையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தால் ஜூலை 10 என்று ஒன்று ஏது? விட்டுக்கொடுக்காதவர்கள் இருந்ததால்தானே அது நடந்தது. ஆகவே தாடியோடும் விபூதியோடும் நிற்கிற சிப்பாய்தான் வரலாற்றுக்கு நெருக்கமானவன். முகத்தை மழித்து, நிஜத் தோலை வைத்து, பொத்தான் முதற்கொண்டு சரியாக நிற்கிறவன் கிரடாக்கின் காகிதத்துக்கு நெருக்கமானவன். எங்களுக்கு எது வேண்டும்?

இன்னொரு சின்னத் தகவல். சிப்பாய்களின் புகார்களில் ஒரு திருப்புளியும் உண்டு. மஸ்கட்டின் சிக்கிமுக்கிக் கல்லை மாற்றுவதற்கான சிறு கருவி. அதை மார்பில் தொங்கவிட வேண்டியிருந்தது. பார்க்கச் சிலுவை மாதிரி இருக்கிறதே என்றார்கள். கொடுத்தவனுக்கு அது வெறும் ஸ்க்ரூ டிரைவர். மாட்டிக்கொள்கிறவன் நெஞ்சில் அது வேறொன்று. உபகரணம் சேகரிக்கிற என் போன்ற பைத்தியங்கள் இந்த ஒரு திருப்புளியைப் பற்றி யோசித்தால் போதும். ஒரு பொருள் சரியான நீளமா, சரியான உலோகமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஏன் ஒருவனுக்கு நெஞ்சில் உறுத்தியது என்பது கடைசிவரை தெரியாமல் போகும்.

சீனியரோடு இரண்டு நாள் வாக்குவாதம். "அப்போ கம்பளியும் வேண்டாம், தோலும் வேண்டாம், தாடியும் இருக்கட்டும்னா அப்புறம் எதுக்குடா 1806?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கம்பளியை விட்டது மயக்கம் போட்டு விழாமல் இருக்க. கண்ணாடி மாட்டுவது கண்ணுக்காக. உடம்புக்காக இரண்டு இடத்தில் வரலாற்றை விட்டுக்கொடுத்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவனுடைய நம்பிக்கைக்காக மூன்றாவது இடத்தில் விட்டுக்கொடுக்கச் சொன்னால் மட்டும் வரலாறு கெட்டுப்போகிறதா? நான் கேட்டது இவ்வளவுதான். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் ரெக்ஸின் வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போதைய ஏற்பாடு இது. சிப்பாய் பக்கத்துக்குப் பழைய நீலத் தலைப்பாகை. அவரவர் தாடி, அவரவர் விபூதி, அவரவர் கடுக்கன். புதுத் தலைப்பாகை ஒன்றே ஒன்று செய்கிறோம், ரெக்ஸின் சின்னத்தோடு. அது யார் தலையிலும் ஏறாது. ஆட்டம் தொடங்கும் முன் களத்தின் நடுவில் ஒரு முக்காலியில் வைத்துவிடுவோம். தாடிக்கார நண்பன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான், வடக்கு மதில் அவன் பொறுப்பு. மாலை போட்டிருக்கும் நண்பனுக்கு ஆகஸ்டுக்குள் விரதம் முடிந்துவிடும், ஆனாலும் ரெக்ஸினே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.

டெய்லர் அண்ணன் பதினாலு கோட்டு முடித்துவிட்டார், எட்டு பாக்கி. அளவு கொடுக்காதவர்கள் இந்த வாரத்துக்குள் வந்து கொடுக்கவும். அரைக்கால் சட்டைக்குப் பயந்து வெள்ளைக்காரப் பக்கம் தாவிய மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை: 69வது படைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் முழு பேன்ட்டும், ஆகஸ்ட் வெயிலில், நாள் முழுக்க. இடம் இன்னும் இருக்கிறது, திரும்பி வரலாம்.